விண்டோஸ் துரைக்கு ஒரு பிரியாவிடை மடல்

தோட்டத்தை விட்டுப் போகும் துரைக்கு மாலை போட்டு, வாழ்த்து மடல் வாசித்து வழியனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். துரை நல்லவரா கெட்டவரா என்பது மடல் எழுதுகிறவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். 2025 அக்டோபர் 14ஆம் திகதி ஓய்வுபெற்ற விண்டோஸ் 10 துரைக்கு எங்கள் எஹலியகொடையில் இன்னும் எவரும் மடல் வாசிக்கவில்லை. ரப்பர் மலையில் பால் வெட்டிய பாட்டிமாரின் தாலாட்டு, ஒப்பாரி, மாசி மாதத்துக் காமன் கூத்து என்று எஞ்சியிருப்பதை ஒரு பழைய லெப்டொப்பில் பிடித்துவைக்க நினைக்கிற நாலு பேருக்காவது அந்தக் கடன் உண்டு. ஆகவே வாசிக்கிறோம்.

மாட்சிமை பொருந்திய துரை அவர்களே,

முதலில் தங்கள் நிதானத்தைப் போற்றுகிறோம். ஒலிப்பதிவு என்பது செக்கனுக்கு 48,000 தடவை கணக்கு எழுதும் வேலை. 128 மாதிரிகளை ஒரு கட்டாகக் கட்டினால், ஒரு கட்டுக்கு 2.67 மில்லிசெக்கன்தான் அவகாசம். அதற்குள் கட்டைத் தூக்க ஆள் வராவிட்டால் தாலாட்டின் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம் விழும். கேட்டால் பிள்ளை முழித்துக்கொள்ளும். இந்த அற்ப அவசரத்துக்கெல்லாம் தாங்கள் அசைந்து கொடுத்ததில்லை. ட்ரைவர்கள் என்ற கங்காணிமார் தங்கள் பாதி வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு வரிசையில் போட்டுவைப்பார்கள். அந்த வரிசை முடிந்த பிறகுதான் பாட்டுக்கு முறை. வைஃபை கங்காணி மூன்று மில்லிசெக்கன் கதைத்துக்கொண்டு நின்றாரென்றால் நின்றதுதான்.

லேட்டன்சிமொன் என்ற சின்ன மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விட்டால் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் தங்கள் பெரட்டுக்களம் முழுவதும் தெரியும். பச்சைக் கோடு அமைதியாக ஓடும். திடீரென்று ஒன்று சிவந்து எழும்பும். பட்டியலில் யார் பெயர் என்று பார்த்தால் ஏசிபிஐ கங்காணி: பற்றரியில் எத்தனை வீதம் மிச்சம் என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருப்பார். அவர் பார்வையைத் தடுக்க, டிவைஸ் மேனேஜரில் பற்றரியையே முடக்கிவைத்துவிட்டுப் பாட்டுப் பிடிக்கிறவர்கள் உண்டு. தன் வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று தெரியாமலே சமைக்கும் சாமர்த்தியத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் தாங்கள். லினக்ஸ்காரர்களைப் பாருங்கள்: இருபது வருடம் மல்லுக்கட்டி, சொன்ன நேரத்துக்குள் வேலை முடிக்கும் ஒழுங்கை 2024இல் 6.12 கேர்னலில் சேர்த்துவிட்டார்கள். தங்களுக்கு அந்தப் பதற்றம் இல்லை. தங்கள் குடும்பத்து முன்வாசலைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் கம்பனி 1997இலேயே அசியோ என்று ஒலிக்கு ஒரு குறுக்குப்பாதை வெட்டிவைத்தது. மரியாதை தெரிந்தவர்கள்.

சிக்கனத்திலும் தங்களை மிஞ்ச ஆளில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடே பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் கிடந்ததே, அப்போதும் கரண்ட் மிச்சம் பிடித்தவர் தாங்கள். பாட்டி அடுத்த அடியை ஞாபகப்படுத்திக்கொள்ள மூச்சு வாங்குகிற இடைவெளியில் புரொசஸருக்கு ஒரு குட்டித்தூக்கம் போட அனுமதி. சும்மா இருக்கிறதென்று யூஎஸ்பி வாசலுக்கும் தூக்கம். ஒலி அட்டை அந்த வாசலில்தான் தொங்குகிறது என்பது சின்ன விஷயம். பவர் ஒப்ஷனில் 'ஹை பெர்ஃபோமன்ஸ்' என்று மாற்றினால் புரொசஸரின் தூக்கம் குறையும் என்கிறார்கள். யூஎஸ்பி உறக்கத்தை உள்ளே போய்த் தனியாகவும் அணைக்க வேண்டும். அதை இரண்டு மூன்று கதவுக்குப் பின்னால் வைத்தது தங்கள் தன்னடக்கம்.

எல்லாவற்றையும் விடத் தங்கள் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சருகு மூட்டித் தோலைக் காய்ச்சி, தப்பை நிமிர்த்தி அடிக்கிறபோது மலை எதிரொலிக்கும். அந்தக் காலத்துத் துரைமாருக்குத் தப்படித்தால்தான் பெரட்டுக்கு ஆள் வரும். தங்களுக்கோ அது இரைச்சல். மைக் செய்தவர்களோடு கூடி, 'சத்தக் குறைப்பு', 'தானாக அளவு சரிசெய்தல்' என்று மெருகூட்டும் வேலைகளைக் கேட்காமலே போட்டு வைத்திருக்கிறீர்கள். மனிதர் பேசுவதுதான் ஒலி, மற்றதெல்லாம் குப்பை என்ற கூட்ட மண்டபத்து ஞானம் அது. ஆகையால் சுருதிப்பெட்டி மாறாமல் ஒலிப்பது மின்விசிறிச் சத்தமாகி அடங்கிவிடும். காமன் கூத்தில் தப்பின் முதல் அடி விழுந்ததும் ரதியின் குரல் பயந்து பின்வாங்கி, அடி ஓய்ந்ததும் மெல்ல எழும்பி வரும். மன்மதன் எரிகிற இடத்தில் ரதி அழுவதா, தப்பு அதிர்வதா என்று கூத்து வாத்தியாரால் இதுவரை தீர்க்க முடியாததைத் தாங்கள் ஒரு நொடியில் தீர்த்துவைத்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

இடையில் யாராவது அழைப்பு எடுத்தால் மற்றச் சத்தங்களை 80 வீதம் தாழ்த்திவிடும் உபசாரமும் தங்களுடையதே. அறிவிப்பு மணிகள் வேறு. மணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: தங்கள் மூதாதை விண்டோஸ் 95 விழிக்கும்போது ஒலிக்கும் அந்த இனிய நாதத்தைச் செய்த பிரையன் ஈனோ, அதை அப்பிள் மெக் கணினியில்தான் செய்ததாகப் பிற்பாடு சொன்னார். எது எங்கே செய்யத் தக்கது என்று தங்கள் குடும்பத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

நேர ஒழுக்கம்? காலை 8 முதல் மாலை 5 வரை ஆள் வேலை செய்கிற நேரம், அப்போது மீள இயக்க மாட்டேன் என்பது தங்கள் ஆதி ஏற்பாடு. கச்சேரி உத்தியோகத்தருக்குக் கச்சிதம். இங்கேயோ பகலில் கொழும்பு–இரத்தினபுரி வீதியில் லொறிகள். பின்னேரம் மழை வந்து தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. (ரயில் சத்தம் மட்டும் இல்லை, அவிசாவளைக்கு அப்பால் 1976லேயே தண்டவாளத்தைக் கைவிட்டு உதவினார்கள்.) ஆகவே கூத்தும் பதிவும் நடுச்சாமத்தில். அதுதான் அப்டேட்டுக்கும் சுபமுகூர்த்தம். ரீலோட் போட்டு வாங்கின டேட்டாவில் அப்டேட்டை இறக்கி, இறக்கியதில் முகம் தெரியாத அயலாரின் கணினிக்கும் பங்கு அனுப்பும் ஒரு தர்மகாரியத்தையும் 2015இல் தாங்கள் பட்டமேற்றபோதே தொடக்கிவைத்தீர்கள். கர்ணன் தன்னுடையதைக் கொடுத்தான். 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துத் தங்கள் கையைக் கட்டிப்போட்ட நன்றிகெட்டவர்களை மன்னியுங்கள்.

தங்கள் இடத்துக்கு வந்திருக்கும் விண்டோஸ் 11 துரை, டீபிஎம் 2.0 சில்லு உண்டா, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையா என்று வாசலிலேயே சாதகம் பார்க்கிறார். பழைய லெப்டொப்புகள் தேறவில்லை. எனவே பாட்டுப் பிடிக்கிறவர்கள் அவற்றின் இணையத்தைப் பிடுங்கி, வைஃபை கங்காணியை நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பி, பாட்டுப் பிடிக்க மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். நடுராத்திரியில் கதவு தட்ட யாரும் வருவதில்லை. பத்து வருட ஆட்சியில் ஒலிப்பதிவுக்காகத் தாங்கள் செய்துதந்த எல்லாவற்றிலும் தங்கள் ஓய்வே தலையாயது. அதற்காக ஒரு செட்டிங்கையும் தேடி மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாலைச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், துரை. அப்டேட் இறங்காததில் மிச்சமான டேட்டாக் காசில் வாங்கியதுதான்.