தூரை மட்டும் விட்டுவிடுங்கள்

கோடை வந்தால் மதுரையைச் சுற்றி இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் பற்றி எரியும். அதை அகற்றுவது குறித்து ஆலோசனைக் கூட்டம் நடக்கும். தீதான் எப்போதும் முந்திக்கொள்கிறது. அதற்குக் கோப்பு நகர வேண்டியதில்லை.

வெடித்துக் கிடக்கும் கண்மாயில் காய்ந்த கோரை. அதற்கு மேல் சீமைக்கருவேலம். கரையோரம் குடிசை, வைக்கோல் படப்பு, ஆட்டுக்கிடை. அணையாத ஒரு பீடித் துண்டு போதும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இந்த மரத்தைத்தான் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். எரிவதற்கே பேர்போன மரத்தை ஊர் வாசலில் வளர விட்டிருக்கிறோம்.

விறகுக்கென்று வறண்ட மாவட்டங்களில் இதைப் பரப்பியதும் அரசுதான். மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. நெற்றைத் தின்றது, போன இடமெல்லாம் விதைத்தது. டெண்டர் கேட்கவில்லை.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் இதை அகற்றச் சொன்னது. கரைவேட்டிகள் ஜேசிபி முன் நின்று படம் எடுத்துக்கொண்டன. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவரிடம் நூறு மரம் வெட்டச் சொன்னார்கள். அதே ஆண்டு சென்னையில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு மரம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை போட்டது. பிறகு ஆய்வு, குழு, அறிக்கை. 2022இல் ஊடுருவும் அயல் தாவரங்களுக்கென்று அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கை இருக்கிறது. மரமும் இருக்கிறது.

ஏன் போகவில்லை? தரைக்கு மேலே இருப்பது வரவு. கீழே இருப்பது செலவு. ஏலம் எடுத்தவர் வரவை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். தூர் கண்மாயிலேயே கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கிறது. அடுத்த ஏலத்துக்குச் சரக்கு தயார். கோப்பில் இதற்குப் பெயர் அகற்றம். ஊரில் இதைக் கிராப்பு வெட்டுவது என்பார்கள்.

யாரைக் கேட்பது? கண்மாயின் ஆயக்கட்டு நூறு ஏக்கரைத் தாண்டினால் நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மரத்துக்கு விலை போட வனத்துறை. நிலம் என்றால் வருவாய்த் துறை. தீ என்றால் மட்டும் ஊர்க்காரன். பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு ஓடி நெருப்பை அடிப்பவன் அவன்தான். அவன் வீட்டுக்காரி அடுப்புக்கு ஒரு கட்டு விறகு எடுத்தால் போதும், நாலு துறைக்கும் ஒரே நாளில் உரிமை நினைவுக்கு வந்துவிடும்.

கண்மாயில் மட்டுமல்ல, மலையிலும் இதே கதைதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர் போனது. கருகியவர்களை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்த ஊர் இது. தீத்தடுப்புக் கோடு என்று ஒன்று உண்டு, கோடைக்கு முன் மலையில் புல்லைச் செதுக்கி வைக்க வேண்டும் என்பதே அன்றுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. பற்றியது காய்ந்த புல். தடை விழுந்தது மலையேறுகிறவர்கள் மேல். புல்லுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாதுதான். அதைச் செதுக்க வேண்டியவர்களுக்கு அனுப்பலாம்.

மே 1 அன்று கிராம சபை கூடும். போங்கள். உங்கள் கண்மாய் மரம் என்ன விலைக்குப் போனது, தூர் பிடுங்க எவ்வளவு செலவு செய்தார்கள், பிடுங்கிய இடம் எது என்று மூன்றையும் கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.