காலியாக் கிடக்கு ஒரு பரம்பரை

ஏலே பேராண்டி, கொடைக்கு அடிக்கிற ஃப்ளெக்ஸ்ல ‘ஆண்ட பரம்பரை’ன்னு போடப் போறியாமே? தாராளமாப் போடு. எதுத்த தெருக்காரன் போன வருசமே போட்டுட்டான், கீழத்தெருக்காரன் அதுக்கும் முந்தி. ‘வரி கட்டின பரம்பரை’ன்னு போடத்தான் இந்த வட்டாரத்துல ஒரு பயலும் இல்ல. அந்த இடம் காலியாக் கிடக்கு, யோசி.

பரம்பரை எப்படி முளைக்குதுன்னு சொல்லுதேன், கேளு. வெள்ளக்காரன் காலத்துல ஜனக்கணக்கு எடுக்க வந்தாக. ‘நீ யாரு?’ன்னு கேட்டா நம்மாளு ஊர்ப்பேரச் சொல்லுவான், குலசாமியச் சொல்லுவான், செய்யுத வேலையச் சொல்லுவான். எல்லாம் நெசந்தான், நோட்டுல கட்டம் ஒண்ணுதானே! 1901-ல ரிஸ்லின்னு ஒரு தொரை, எந்தச் சாதி மேல, எது கீழன்னு வரிசை போடச் சொன்னாரு. அம்புட்டுதான். அடுத்த தெருவோட மல்லுக்கு நின்னவன், ஜில்லா தாண்டிச் சங்கம் வச்சு, ‘எங்க பேர மாத்து, ஒரு படி ஏத்து’ன்னு மனுவாக் குவிச்சுட்டான். 1911 கணக்குக்கு வங்காளத்துல வந்த மனுவ நிறுத்தே பாத்திருக்காக: ஒன்றரை மணங்கு! அவுக மணங்குக்கு, அம்பது கிலோவுக்கு மேல வரும். அதுல ‘எங்கள ஒரு படி எறக்கு’ன்னு ஒரு மனு இருந்திருக்குங்கியா?

இப்ப மேடையில ஆண்ட பரம்பரை, தாலுகா ஆபீஸ்ல பின்தங்கின பரம்பரை. சிரிக்காத, ரெண்டும் பொய்யின்னு நான் சொல்லல. கேக்குத ஆளு மாறுனா பதிலும் மாறும். உன் சித்தப்பன இங்க வச்சு ‘மேலத்தெருவா?’ன்னு கேட்டா அருவாளத் தூக்குவான். டெல்லிக்குப் போனான், ‘மதராசி’ன்னாக, பொத்திக்கிட்டு இருந்தான். இப்ப சிங்கப்பூர்ல இருக்கான்; அங்க சீனர், மலாய்க்காரர், இந்தியர், மத்தவுகன்னு நாலே பெட்டி. பஞ்சாபியோட ஒரே பெட்டிக்குள்ள உக்காந்து தீபாவளிப் பலகாரம் திங்கான். அருவா எங்க போச்சுன்னு கேளு.

தாத்தன் மனுவுல புதுசா எழுதிக் குடுத்த பேரு, பேரனுக்கு ஆதிகாலத்துப் பேரு. இது நம்மூர் வழமை. 2027 கணக்குல மறுபடியும் சாதி கேக்கப் போறாகளாம். எல்லாச் சாதியையும் எண்ணி அச்சடிச்சது 1931-ல, அதோட இப்பத்தான். என்ன சொல்லணும்னு சங்கத்துக்காரன் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் குடுப்பான், வாங்கி வச்சுக்க. கணக்கெடுக்க வர்ற வாத்தியாருக்கு மோர் குடுத்து, நெழல்ல உக்கார வையி. செல்போன்ல தட்டுவாரு, பக்கத்துல நின்னு பாரு. ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னா உன் பேரனுவ ரெண்டு சங்கமாப் பிரிஞ்சிருவானுவ.