நிழல் விழாத ஊரில் கைடு

தஞ்சைப் பெரிய கோயிலில் கைடு வைப்பதா வேண்டாமா? "கோபுர நிழல் தரையில விழாது சார், தெரியுமா?" என்று ஆரம்பிப்பார் ஒருவர். சாயங்காலம் நாலு மணிக்கு, விமானத்தின் நிழலிலேயே நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டு. அடுத்து, உச்சியில் இருப்பது ஒரே கல் என்பார். பல கற்களை இணைத்துச் செய்தது அது. கதைக்குத்தானே காசு, உண்மைக்கா?

கைடே வேண்டாமென்று நிமிர்ந்து நடப்பவர் மட்டும் என்ன வாழ்கிறார்? பெரிய நந்தியோடு செல்ஃபி எடுத்து 'ராஜராஜன் வைத்த நந்தி' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார். நந்தி நாயக்கர் காலத்தது.

இத்தனைக்கும் சுவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. 1010இல் குடமுழுக்குக் கண்ட கோயில். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய முனிசிபாலிட்டி ரிஜிஸ்டரில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

ஆகவே கூலி பேசுமுன் கல்வெட்டில் ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள். "அது பழைய தமிழ் சார்" என்று நழுவினால் கும்பிடு போட்டு நகருங்கள். வாசித்துவிட்டாரா, பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.