சும்மா ஒரு சைக்கிள்

எங்கள் நெட்டப்பாக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் சைக்கிளில் போகிறான் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொல்லியிருப்பார், அல்லது தவணை கட்டவில்லையென்று ஃபைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன் என்று ஒருத்தன் சொன்னால் ஊர் அதை நம்பாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இன்னாப்பா, வண்டி இன்னா ஆச்சி?" என்றார் டீக்கடை பெஞ்சில் இருந்த மாமா ஒருவர்.

"வீட்டுல நல்லாத்தான் நிக்குது மாமா."

"அப்பறம் எதுக்கு சைக்கிளு?"

"சும்மாதான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடன் எவ்வளவு என்று பெஞ்சு முழுவதும் மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இதை வளரவிட்டால் சாயங்காலத்துக்குள் என் வீட்டுப் பத்திரமே அடகில் இருப்பதாகப் பேச்சு வந்துவிடும். "கொஞ்சம் சுகர் இருக்குதாம்" என்று இழுத்தேன்.

என்ன ஒரு நிம்மதி எல்லோர் முகத்திலும்! சிறுகுறிஞ்சான் என்றார் ஒருவர், ஆவாரம்பூ என்றார் இன்னொருவர். வெந்தயத்தை ராத்திரியே ஊறவைக்க வேண்டும் என்று மாமா அடித்துச் சொன்னார். என் ரத்தத்தில் சர்க்கரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கிலிருந்து அந்தக் கடையில் எனக்குச் சர்க்கரை போட்ட டீ கிடைப்பதில்லை. கெஞ்சினாலும் போட மறுக்கிறார். அவ்வளவு பாசம்.

இதே காரியத்தைப் புதுச்சேரி கடற்கரையில் செய்தால் பெயரே வேறு. தினமும் சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பிரெஞ்சுத் தெருக்களில் வாடகை சைக்கிள் மிதிப்பவர்கள் மஞ்சள் சுவரில் அதைச் சாய்த்துவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சுகர் இருக்குதா என்று கேட்டதாகத் தெரியவில்லை. அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டால் அதே சைக்கிள் வறுமையாகவோ வியாதியாகவோ ஆகிவிடுகிறது.

அந்தக் கடற்கரைச் சாலைக்கு எதுவார் குபேர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானவர். 1954 மார்ச் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து அவரும் அவர் கூட்டாளிகளும் வந்து காலூன்றிய இடம் எங்கள் ஊர்தான். பிரெஞ்சு இந்தியாவில் முந்திக்கொண்டு மூவர்ணக்கொடி ஏறிய ஊர்களில் நெட்டப்பாக்கமும் ஒன்று. விடுதலைக்கு இடம் கொடுத்தது நாங்கள். மோட்டார் வண்டியிலிருந்து விடுதலை கிடைத்திருப்பது அவர் பெயர் வைத்த சாலைக்கு. இதைப் பற்றி ஒரு மனு எழுதலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆனால் முதலமைச்சர் ரங்கசாமியே பைக்கில் வந்து ஓட்டுப் போட்ட பிரதேசத்தில் யாரிடம் கொடுப்பது?

பெட்ரோல் இல்லாத பயணம் புதுச்சேரிக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புஷ்புஷ் என்றொரு வண்டி ஓடியது. துரை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பித் திசையைப் பார்த்துக்கொள்வார். பின்னாலிருந்து ஒரு மனிதர் தள்ளிக்கொண்டே ஓடுவார். புகை கிடையாது, சத்தமும் கிடையாது. மூச்சு மட்டும் ஒருத்தருக்கு வாங்கும்.

நெதர்லாந்தில் 1973 நவம்பரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுக்கக் கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. ஜனங்கள் நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் ஆட்களைவிட சைக்கிள் அதிகம். இந்தச் செய்தியை நான் எங்கள் ஊர்ச் சாலையிலேயே ஓர் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அறுவடை முடிந்த நேரம் அது. ஏம்பலம் போகிற சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓரத்துக்குக் கருங்கல்லை வரிசையாக அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து காயோடு பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறிப் போனால் தோல் உடைந்து உளுந்து உதிரும். அடிக்கிற கூலி மிச்சம். கார், பைக்கெல்லாம் சரசரவென்று ஏறிப் போயின. என் சைக்கிள் மட்டும் நடுவில் நின்றுவிட்டது. காய்ந்த கொடி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே புகுந்து ஃப்ரீவீல் வரைக்கும் சுற்றிக்கொண்டது. பெடல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் குனிந்து கொடியை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அந்த அம்மா பக்கத்தில் வந்தார்.

நான் நெதர்லாந்தைச் சொன்னேன். காரே ஓடாத சாலை எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"காரு ஓடலன்னா என் உளுந்த யாரு ஒடைக்கறது? நீ ஏறிப் போனா ஒரு காயாவது வெடிச்சிதா பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெடிக்கவில்லை.

அந்தம்மாவின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நெல்லுக்குக் களமும் உளுந்துக்கு மிஷினும் வந்தால்தான் காரில்லாச் சாலை பற்றி அவரிடம் நான் வாய் திறக்க முடியும்.

சைக்கிளுக்கு ஊரில் மரியாதை இருப்பது பள்ளிக்கூடத்துப் பெண்களிடம்தான். மூன்று பேர் சேர்ந்தால் சாலை முழுக்க அவர்களுடையது. கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்தாலும் கதை முடிந்துதான் வழி விடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பொம்பளை சைக்கிள் விடுவதா என்று கேலி செய்தவர்களையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் ஒன்றாகத் தாண்டிப் போனார்கள். எனக்கென்னவோ எங்கள் பக்கத்தில் இப்போது ஐம்பது வயது ஆண்களுக்குத்தான் அப்படியொரு இயக்கம் தேவைப்படுகிறது.

எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் வரப்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். மடுகரையைத் தாண்டினால் பட்டுச்சேலை நெய்கிற சிறுவந்தாடு. அது விழுப்புரம் மாவட்டம். அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: பெட்ரோல் விலை குறைவு, இன்னொன்றும் விலை குறைவு. எனக்கு முதலாவது தேவையில்லை, இரண்டாவதும் பழக்கமில்லை. ஆகவே இந்த எல்லையைக் காரணமே இல்லாமல் கடக்கிற ஆள் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

போன மாசம் சிறுவந்தாட்டிலிருந்து திரும்பும்போது வேட்டியை மடித்துக்கட்டிய பெரியவர் ஒருவர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். ஒரு வார்த்தை பேசாமல் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டபுள்ஸ் மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. முன்சக்கரம் நாலு முழம் ஆடிவிட்டு நேரானது. மடுகரை வருவதற்குள் தமிழ்நாட்டு விலைவாசியை முழுக்கச் சொல்லி முடித்தார். ஏன் சைக்கிள் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. ஊரில் என்னைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அந்த இன்னொன்றை விற்கிற கடை வாசலில் இறங்கி வேட்டியை உதறிக்கொண்டார்.

"அரை மணியில வந்துடறேன், இங்கியே இரு தம்பி."

"எனக்கு வேலை இருக்குது பெரியவரே. பஸ் வருமே."

"பஸ்ல காசு கேப்பான்" என்றவர், இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி என் பின்சக்கரத்தைப் பார்த்தார். "போவறப்ப அரிசி மூட்டை ஒண்ணு கீது. டயர்ல காத்து கம்மியா இருக்குது பாரு, அதுக்குள்ள அடிச்சி வை."

பங்சர் கடை எதிரிலேயே இருந்தது. அடித்து வைத்தேன்.