ஓட்டை அடைபடுகிற சேதி

கேள்வி: பேப்பரைப் பிரித்தால் ஊழல், வெள்ளம், வெட்டுக்குத்து. உலகத்தில் நல்ல சேதியே கிடையாதா?

பதில்: உண்டு. நத்தை வேகத்தில் வருவதால் தலைப்புச் செய்தி என்கிற பஸ்ஸைத் தவறவிட்டுவிடுகிறது. ஓசோன் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவுக்கு மேலே அது விழுந்திருப்பதை 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். குற்றவாளிகள், ஃப்ரிட்ஜுக்குள் ஓடிய வாயுவும் தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவும். இரண்டே வருடத்தில், அவற்றிலிருந்த ரசாயனங்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியலில் ஒப்பந்தம்; எல்லைக்கோட்டுக்காக மல்லுக்கட்டும் நாடுகள் உட்பட, பின்னாளில் எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன. அந்த ரசாயனங்களில் சுமார் 99 சதவீதம் ஒழிந்தாயிற்று. 2066 வாக்கில் அண்டார்டிகா ஓட்டை பழைய நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர்களின் கணக்கு.

‘மாற்று வாயு கைவசம் இருந்தது, கம்பெனிகளுக்கு நஷ்டமில்லை, அதனால் நடந்தது’ என்பீர்கள். பாதி சரி. ஆனால் முதலில் ‘ஆதாரம் போதாது’ என்று முரண்டு பிடித்தவையும் அதே கம்பெனிகள்தான். கட்டுப்பாடு வரப்போகிறது என்றதும்தான் மாற்று மளமளவென்று கிளம்பியது. ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் பண உதவியும் கொடுத்தார்கள் (சர்வதேச மாநாடுகளில் இது அபூர்வ காட்சி). மாற்றாக வந்த வாயு பூமியைச் சூடாக்குகிறதே என்றால், வாஸ்தவம். அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எந்த டி.வி.யிலாவது பிரேக்கிங் நியூஸ் பார்த்தீர்களா?