நாலு டிஸ்க், ரெண்டு ஊர்

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டுப் பாட்டுக்கெல்லாம் காப்பு கும்பகோணத்து அத்தைதான். ஆராதனை நாளான பகுள பஞ்சமி அன்று அப்பா திருவையாற்றுப் பந்தலில் உட்கார்ந்து பஞ்சரத்னத்தைக் கேசட்டில் பிடித்து வருவார். அந்த வாரமே டபுள் டெக்கில் இன்னொரு பிரதி ஓடும், அது அத்தை வீட்டுக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் நம் கேசட்டில் பூஞ்சை பிடித்தாலும் அங்கே ஒன்று இருக்கும் என்பது அவர் கணக்கு. பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். ஆனாலும் பாட்டு தப்பியது.

இன்று அந்தக் கேசட்டுகள் எல்லாம் டிஜிட்டலாகிவிட்டன. நிலத்தின் கிரயப் பத்திரங்கள், சிட்டா, கல்யாணப் படங்கள் இவற்றோடு தஞ்சாவூர் வீட்டு மாடியறையில் ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. முதலில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி. பேட் செக்டர் எச்சரிக்கை வர ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, நாலு டிஸ்க் பெட்டிக்கு மாறினோம். தகவலை டிஸ்க்குகளில் பிரித்து வைக்கும் ரெய்டு 5 முறை.

1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இதற்கு வழி காட்டியது. விலை கூடிய பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக்கொள்வது, அவற்றில் ஒன்று என்றாவது சாகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு வேலையைப் பிரிப்பது. எனக்கு அந்த ஒப்புதல் மிகவும் பிடித்தது.

தாத்தாவின் நெல் கணக்கு நோட்டை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். மூன்று வயல்களில் 18 கலம், 22 கலம், 15 கலம். கீழே மொத்தம் 55. நடு வரியைப் பூச்சி அரித்துவிட்டால் மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்து 22 என்று எழுதிவிடலாம். இரண்டு வரி போய்விட்டால் முடியாது. ரெய்டு 5 அந்த மொத்தத்தை ஒரே டிஸ்க்கில் வைக்காமல் நாலிலும் மாற்றி மாற்றி எழுதுகிறது. அதனால்தான் 4 டெராபைட் டிஸ்க் நாலு போட்டால் 12தான் நமக்கு. மிச்சம் அந்த மொத்தத்துக்கு.

போன கோடையில் ஒரு டிஸ்க் போனது. பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு ஆரஞ்சானது, பெட்டி ஒரே சீராகக் கத்தியது. கடைத் தம்பி வந்து தட்டை உருவி, புதுசைச் சொருகினார். "சார், ரீபில்ட் முடியிற வரைக்கும் யாரும் இதைத் தொட வேணாம். இன்வெர்ட்டர்ல பேட்டரி இருக்கில்ல?" என்றார். சதவீதம் 3, 4 என்று நகர்ந்தது. விடிந்த பிறகுதான் 100 வந்தது. அத்தனை நேரமும் மீதி மூன்று டிஸ்க்குகளும் முழு மூச்சாக ஓடியாக வேண்டும். அவற்றில் இன்னொன்று போனால் அவ்வளவும் போச்சு.

அந்த இரவு எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், 1855இல் பிறந்தவர். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சீவக சிந்தாமணியில் இறங்கி, ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றில் சிதைந்ததை இன்னொன்றைக் கொண்டு நிரப்பி 1887இல் பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகள் வெவ்வேறு மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் கிடந்ததால்தான் அது நடந்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஏடு கேட்டுப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்கள். அங்கே மட்டும் இருந்தவை அதோடு சரி.

அவர் 1894இல் கொண்டுவந்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. மூலத்தில் ஓட்டை விழுந்தபின் எழுதிய பிரதிகள் எத்தனை இருந்தாலும், அவை அந்த ஓட்டையைத்தான் சுமக்கும். ரெய்டும் அப்படித்தான். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அழித்தது நாலு டிஸ்க்குக்கும் ஒரே நொடியில் பொருந்தும். கோப்புகளை வைரஸ் பூட்டிவிட்டாலும் அதே கதைதான். டிஸ்க் சாவதற்கு மட்டுமே அது மருந்து. இதைப் பெட்டி விற்பவர்கள் அட்டையிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நாலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீட்டுக்குள் மழை இறங்கினால் நாலு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். அப்பாவின் இரைச்சல் பிரதி வேறு ஊரில் இருந்தது. என் அப்பழுக்கற்ற பிரதிகள் எல்லாம் ஒரே மேஜையில் இருந்தன.

அதனால் கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் இரண்டாவது பெட்டி வைத்திருக்கிறோம். முதல் தடவை முழுவதையும் இணையத்தில் அனுப்பினால் நாள்கணக்கில் இழுக்கும் என்பதால் இங்கேயே நிரப்பிக் காரில் கொண்டுபோனோம். இப்போது ராத்திரியில் புதிதாகச் சேர்ந்தது மட்டும் போகிறது. அழித்த கோப்பும் 30 நாளுக்கு அங்கே பழைய நிலையில் கிடக்கும்படி ஸ்னாப்ஷாட் வைத்திருக்கிறேன். அங்கே போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பத்திரத்தைத் திறந்து, முத்திரைத்தாளின் எல்லைக் குறிப்பு வரை படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன்.

"என் பிள்ளைங்க படமெல்லாம் உன்கிட்ட ஒரு காப்பி இருக்கட்டும்ண்ணா" என்றாள் தங்கை. தஞ்சாவூர்ப் பெட்டியில் அவளுக்கு 2 டெராபைட் ஒதுக்கியாயிற்று.