பழநிக்கு ஒத்திகை

தெருமுனையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கவே வண்டியை எடுக்கிற ஆள் நான். "இந்தத் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறேன்" என்று அறிவித்ததும் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கவலையாக இருந்தது. மனைவி மட்டும், "திண்டுக்கல்லிலிருந்து பஸ் இருக்கு" என்று பொதுவாக ஒரு தகவல் சொல்லி வைத்தாள்.

மதுரையிலிருந்து பழநி சுமார் 120 கிலோமீட்டர். வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று சொல்லிப் பார்த்தால் எல்லாம் பக்கத்து ஊர்கள்தான். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த ஊர்கள் அப்படித்தான் தெரியும். அடிவாரம் சேர்ந்த பிறகு 690 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். "விஞ்ச் இருக்கே?" என்றேன். முறைத்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் காவடியோடு நடந்து போய், திரும்பியும் நடந்தே வருவார்கள் என்றார் ஒருவர். அன்றிரவே என் வேண்டுதலில் 'ஒரு வழி மட்டும்' என்று திருத்தம் செய்துகொண்டேன்.

மாலை போட்டாயிற்று. பச்சை வேட்டி கட்டியாயிற்று. அலுவலகத்தில் மேலாளர்கூட, "அந்த ஃபைல் இன்னும் வரலையே சாமி?" என்று பயபக்தியோடு திட்டுகிறார்.

வெறுங்கால் பயிற்சியை மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். முதல் நாளே அம்மா காயப்போட்ட கூழ்வடாம் காலில் ஒட்டிக்கொண்டது. பயிற்சியைத் தெருவுக்கு மாற்றினேன். கடலைப் பருப்பு அளவு ஜல்லி ஒன்று குதிகாலில் ஏறியபோது, முருகனைக் கூப்பிட பழநி வரை போகத் தேவையில்லை என்று புரிந்தது.

அடுத்தது மூட்டை. கொப்புளத்துக்குப் பஞ்சும் களிம்பும், பவர் பேங்க், குளுக்கோஸ், முறுக்கு, 12 பாக்கெட் பிஸ்கட். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதே முக்கால் கிலோ. கடைக்காரர், "எடைக்குப் போட்டுரலாமா?" என்றார்.

22 வருடமாக நடக்கிற அத்தை வந்து மூட்டையைப் பிரித்தார். அவருடைய மொத்தச் சாமானும் ஒரு மஞ்சப்பைக்குள் அடக்கம்: மாற்றுச் சேலை, துண்டு, விபூதி, வேப்பெண்ணெய், டார்ச் லைட்.

"பிஸ்கட் எதுக்குடா? வழி நெடுக அன்னதானப் பந்தல். விடிய சுக்குக் காப்பி, எட்டு மணிக்குப் பொங்கல், பத்து மணிக்குப் புளியோதரை, நடுவுல மோர். வேணாம்னா கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைப்பாங்க. உன் மாமா மொத வருசம் ரெண்டு கிலோ ஏறித் திரும்பி வந்தாரு!"

"அப்ப காலுக்கு, அத்தை?"

"வெயிலுக்கு முன்னாடி நட. ராத்திரின்னா முதுகுல மின்னுற ஸ்டிக்கர ஒட்டிக்க. படுக்குறப்ப உப்புப் போட்ட வெந்நீர்ல கால வை. காலு ரெண்டே நாள்ல பழகிரும். வாய்தான் பழகாது. 'போதும்'னு சொல்லப் பழகு. வயிறு முட்டத் தின்னவன் பந்தல்லயே படுத்துருவான், பழநி போய்ச் சேர மாட்டான்."

பிஸ்கட் பாக்கெட்டுகள் பிள்ளைகளிடம் போய்விட்டன. மூட்டை நாலு கிலோவுக்கு இறங்கிவிட்டது. இப்போது தினமும் வீட்டிலேயே 'போதும்' பயிற்சி நடக்கிறது. நேற்று இரவு ஆறாவது தோசையில் சொன்னேன்.